நான் ஷீட் எழுதிக் கொடுத்த விளையாட்டு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து வந்தாய், சாப்பிட்டாய், வங்கிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலையை விட்டுவிட்டேன் என்றாய். புனேயில் இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யப் போகிறேன், லாஜிக்கும் புரோகிராமும் சொல்லித் தருகிற விளையாட்டு என்றாய். "வெளையாட்டு பண்றதுக்கா உன்ன அவ்ளோ தூரம் படிக்க வச்சேன்?" என்று நான் கேட்டேன். இன்னும் நிறைய கேட்டேன். நீ எதற்கும் குரலை உயர்த்தவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, உங்க டிரெய்னிங் ரூம்ல மூணு கேம் இருந்துச்சே, அதுல எது நல்ல கேம்னு உனக்குத் தோணுது?" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ பஸ் ஏறிவிட்டாய். வியாழக்கிழமை புனேவுக்கு ரயில் என்று உன் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். போயிட்டு வா என்று நான் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் நீ ரயில் ஏறினால் அது உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது.

எஸ்.டி.டி. பூத்தில் நின்று பேசலாம்தான். ஆனால் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். புதன்கிழமை அப்பா உதிரி பாகம் வாங்கப் பெங்களூர் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சற்று முன்னால் அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "இது லெட்டரா, ஆப்பரேசன் ஷீட்டா?" என்று கேட்டார். பார்த்தால் நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நம்பர் இல்லாமல் இதை எழுதுகிறேன். முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

ஷீட் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ வளர்ந்ததே அதை வைத்துத்தான். மத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்து, பத்தாவது சர்டிபிகேட்டோடு, மெஷினுக்குள் கரண்டைப் போட்டு அணைக்கிற ரிலே செய்யும் இந்த ஃபேக்டரியில் நுழைந்தவள் நான். ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் தொங்கும். காயிலை எடு, ஆர்மேச்சரை வை, ஸ்பிரிங்கை இரண்டாவது துளையில் மாட்டு, காண்டாக்ட் தொடுகிறதா பார். அதில் இருப்பதைக் கை செய்ய வேண்டும், இல்லாததைச் செய்யக் கூடாது. நான் லைன் லீடர் ஆனதே ஷீட் எழுதித்தான். சூளகிரி பக்கத்திலிருந்து நேற்று வரைக்கும் தக்காளி பறித்துக்கொண்டிருந்த பெண் இன்று வந்து உட்கார்ந்தாலும், என் ஷீட்டைப் பார்த்து மாலைக்குள் ரிலே கோர்த்துவிடுவாள். தமிழ் படிக்கத் தெரியாத தெலுங்குப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து போட்டேன். அந்தக் கர்வம் எனக்கு ரொம்ப இருந்தது. வீட்டிலும் சமையலறைச் சுவரில் உனக்கு ஒரு ஷீட் ஒட்டியிருந்தேன், காலையில் பல் தேய்ப்பதிலிருந்து ஷூவுக்கு லேஸ் கட்டுவது வரைக்கும். நீயும் ஒன்றும் சொல்லாமல் அதன்படியே நடந்தாய். அதைப் பார்த்து, பிள்ளை நன்றாக வளர்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ எட்டாவது படிக்கும்போதுதான் எங்கள் ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் போட்டு ஓட்டுகிற மெஷின்கள் வரப்போகின்றன, லைன் லீடர்கள் கொஞ்சமாவது பழக வேண்டும் என்று டிரெய்னிங் ரூமில் ஆறு கம்ப்யூட்டர் வைத்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் ஏ.சி. குளிரில் கால் விறைக்கும். கருப்புத் திரையில் பச்சை எழுத்து. டிரெய்னிங் பார்க்க சிவண்ணா சார் இருந்தார், கனகபுரா பக்கத்துக்காரர், பேசுகிற தமிழில் பாதி கன்னடம். நேரடியாகப் புரோகிராம் என்றால் நாங்கள் மிரண்டுவிடுவோம் என்று, முதலில் ஃப்ளாப்பியில் மூன்று விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். அவற்றின் இங்கிலீஷ் பேரெல்லாம் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பேர் வைத்தோம்: ஆமை, கிடங்கு, சல்லடை.

ஆமையில் திரை நடுவில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், அதுதான் ஆமை. முன்னால் ஐம்பது போ, வலது பக்கம் திரும்பு என்று டைப் அடித்தால் போகும், போகிற வழியெல்லாம் கோடு போடும். இதையே நாலு தரம் செய் என்றால் சதுரம் வந்துவிடும். அவ்வளவுதான். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. பத்து நிமிஷத்தில் எனக்கு அலுத்துவிட்டது. கோலம் போடுவதற்கு எதற்கு இவ்வளவு பெரிய மெஷின் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னேன்.

கிடங்கு வேறு மாதிரி. ஒரு ஆள் கிடங்குக்குள் பெட்டிகளைத் தள்ளித் தள்ளி அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. ஒரு பெட்டியை மூலையில் தள்ளிவிட்டால் முடிந்தது கதை, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதிலும் மோசம், தப்புப் பண்ணினது அப்போது தெரியாது. இருபது அடி போன பிறகுதான், ஐயோ அங்கேயே கெடுத்துவிட்டோமே என்று தெரியும். ரெண்டு நாள் அதோடு சண்டை போட்டேன். கடைசியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்தப் பக்கம் எத்தனை அடி என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

மூன்றாவது சல்லடை. ஒரு பெல்ட்டில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று பெரிதும் சின்னதுமாக வந்துகொண்டே இருக்கும். பெரிய வட்டம் மட்டும் ஒரு தொட்டியில் விழ வேண்டும் என்று கேட்கும். வட்டமாகவும் இருக்க வேண்டும், பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டு கதவை ஒயரால் கோர்க்க வேண்டும். இதுவோ அதுவோ எது வந்தாலும் சரி என்பதற்கு ஒரு விதமான கோர்ப்பு, இது வராவிட்டால் மட்டும் திற என்பதற்கு வேறொன்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு காண்டாக்டை ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால் இரண்டும் மூடினால்தான் கரண்ட் போகும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எது மூடினாலும் போகும். காயிலுக்குக் கரண்ட் வந்ததும் திறந்துகொள்கிற காண்டாக்ட் ஒன்று உண்டே, அதுதான் "இல்லை". பதினோரு வருஷமாக என் கை இதைத்தான் கோர்த்துக்கொண்டிருந்தது, எதற்கு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சிவண்ணா சாரிடம் போய், "சார், இது நம்ம ரிலேதான சார்?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டு, இந்தம்மா சொல்வதைக் கேளுங்கள் என்றார். அன்றைக்கு நான் பஸ்ஸில் வந்தேனா, நடந்து வந்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அப்படியே உனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கொடுக்கத்தான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் பிள்ளைகள் வந்து விளையாடலாம் என்றார்கள். அதோடு ஒரு போட்டியும் வைத்தார்கள். முதல் மூன்று இடம் வருகிற பிள்ளைகளுக்கு ஊரில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு வருஷம் ஃபேக்டரி செலவில் படிப்பு. நம் காலனியில் அப்போது கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளே கிடையாது. உனக்கு அந்த மூன்றில் ஒரு இடம் கிடைத்தே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது. நீ என்ன செய்தாய் என்றால், முதல் வாரமே நேராக ஆமையில் போய் உட்கார்ந்துகொண்டாய். வீடு வரையச் சொன்னாய், கூரை தலைகீழாக வந்தது, விழுந்து விழுந்து சிரித்தாய். தலைகீழ்க் கூரையைப் படகு ஆக்கிவிட்டாய். போட்டியில் ஆமையே கிடையாது, கிடங்கும் சல்லடையும்தான் என்று கேள்விப்பட்டதும், இனிமேல் ஆமைப் பக்கம் போனால் முதுகுத் தோல் உரியும் என்று சொன்னேன். நீ போகவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை நீ.

கம்ப்யூட்டரில் ஆமையை நிறுத்தினேன், நீ அதைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காலனித் தெருவில் ஒரு கும்பல் சேரும். ஒரு பிள்ளைக்குத் துண்டால் கண்ணைக் கட்டிவிட்டு, அதுதான் ஆமை என்பாய். மற்ற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு துண்டுத் தாளில் கட்டளை எழுத வேண்டும்: நாலு அடி முன்னால், இடது பக்கம் திரும்பு, குழாயடி வந்தால் நில். எழுதியதைத்தான் படிக்க வேண்டும், நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. கேன்டீன் கோவிந்தம்மா மகள் நாகவேணிதான் பெரும்பாலும் ஆமை. அவள் போய் வேலியில் முட்டிக்கொண்டு, "தப்பாயிந்தி, தப்பாயிந்தி" என்று கத்துவாள். எல்லோரும் உருண்டு சிரிப்பீர்கள். பிறகு எந்த வரியில் தப்பு என்று தேடி அடித்து எழுதுவீர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து கத்துகிற கத்தலில் நம் வீட்டு ரேடியோ கேட்காது. இடது வலது என்பதில் சண்டை வருகிறது என்று, நீ அம்புக்குறி போட்டு எழுத வைத்தாய். இதெல்லாம் எனக்கு இன்று தெளிவாக ஞாபகம் வருகிறது. அன்றைக்கு என் கண்ணில் பட்டதெல்லாம், போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பிள்ளை தெருவில் ஆடிக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும்தான். ஷிஃப்ட் முடிந்து வந்த யூனிஃபார்மோடு, அத்தனை பிள்ளைகள் முன்னால் உன் காதைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து வந்தேன். துண்டு கண்ணில் கட்டியபடியே நாகவேணி தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த கட்டளை வரும் என்று காத்திருந்திருப்பாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. கிடங்கில் பன்னிரண்டு கட்டம், சல்லடையில் எட்டுக் கட்டம், அத்தனைக்கும் உட்கார்ந்து ஷீட் எழுதினேன். மேல் இரண்டு, இடது ஒன்று, கீழ் மூன்று. ஃபேக்டரி ஷீட்டைப் போலவே கோடு போட்டு, நம்பர் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து உன் கையில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஷீட்டைப் பார்த்து அடித்தாய், ஒவ்வொரு கட்டமாக முடிந்துகொண்டே போனது. சிவண்ணா சார் பார்த்துவிட்டு, "ஷீட் பேடம்மா" என்றார். வேண்டாம் என்கிறாரே, தன் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்ற தவிப்பு இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். உறையை மட்டும் பைக்குள் வைத்துவிட்டு, வீட்டில் உன்னை மனப்பாடம் செய்ய வைத்தேன். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாய். ஒருநாள் கிடங்கின் ஐந்தாவது கட்டத்தை ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே, ஏன் அம்மா இந்தப் பெட்டியை முதலில் தள்ளுகிறோம் என்று கேட்டாய். ஏன் என்று கேட்க இப்போது நேரமில்லை என்றேன்.

போட்டியன்று பெற்றோரைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள். கிடங்கின் ஐந்தாவது கட்டம். உன் கை சரசரவென்று ஓடியது, நான் மனசுக்குள் கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு பீப், பீப் என்று சத்தம். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு பெட்டியை மட்டும் சிவண்ணா சார் இடம் மாற்றி வைத்திருந்தார். உன் ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறான், நீ நிறுத்தாமல் மீதி ஷீட்டைக் கடைசி வரைக்கும் அடிக்கிறாய். ஒவ்வொரு அடிக்கும் பீப். பின்னாலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அடித்து முடித்துவிட்டு நீ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். திரும்பி என்னைப் பார்த்தாய். இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வையை நான் மறந்த நாள் இல்லை. நாகவேணி மூன்றாவது இடம் வந்தாள். மேசை மேல் விரலால் கோடு போட்டுப் பார்த்து, தப்பினால் தலையில் குட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துச் செய்தாள் அவள்.

பஸ்ஸில் வரும்போது உன்னை என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஷீட்டு எழுதிக் குடுத்தும் ஜெயிக்கத் துப்பில்ல என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஷீட்ல பெட்டி அங்க இல்லம்மா" என்றாய். எதிர்த்துப் பேசுகிறாயே என்று அதற்கும் ஒன்று வைத்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் சிவண்ணா சார் என் லைனுக்கே தேடி வந்தார். "உங்க மகனுக்குப் புத்தியில ஒண்ணும் குறையில்லம்மா. ஷீட் இல்லாம ஞாயித்துக்கெழம தனியா அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். தலையை ஆட்டினேன். உன்னிடம் சொல்லவே இல்லை. பிள்ளைகள் சிரித்த அந்த ரூமுக்குள் நீ மறுபடி போகக் கூடாது என்று எனக்கே நான் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம், ஷீட் எழுதினவள் நான் என்று அவருக்குத் தெரியும், அவர் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கம். என் வெட்கத்துக்காக, நீ பத்தாவது முடிக்கிற வரைக்கும் உன் இரண்டு வருஷத்தைப் பிடித்து வைத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் சேர்ந்து நீயாகத்தான் கம்ப்யூட்டரைத் தொட்டாய், அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. இதற்கு நீ என் மேல் கோபப்பட்டால் அது நியாயம். மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன்.

எனக்கு எப்போது புத்தி வந்தது என்றால், அடுத்த மழைக்காலத்தில். ஸ்பிரிங் வேறு இடத்திலிருந்து வந்தது, ஒரு நூல் நீளம் கூடுதல். என் ஷீட்டில் இரண்டாவது துளை என்று இருக்கிறது. லைன் முழுக்க இரண்டாவது துளையிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி மேசையில் டெஸ்டிங் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. ட்ரே ட்ரேயாகத் திருப்பி அனுப்பினார்கள். பேரிகை கிராமத்திலிருந்து வந்த புதுப் பெண் ஒருத்தியைப் பிடித்து, கையில் எடுத்தபோதே தெரியவில்லையா என்று சத்தம் போட்டேன். "ஸ்பிரிங் நீளமா இருக்குன்னு தெரிஞ்சிது அக்கா. ஷீட்டுல ரெண்டாவது தொளைன்னு போட்டிருந்துச்சு" என்றாள். அவள் குரல் எனக்கு அப்படியே உன் குரலாகக் கேட்டது. அன்றிலிருந்து நான் எழுதுகிற ஒவ்வொரு ஷீட்டிலும் கடைசியாக ஒரு வரி உண்டு: பொருள் மாறியிருந்தால் கையை நிறுத்து, கேள். மேலே இருப்பவர்கள் இதெல்லாம் எதற்கு என்று முனகினார்கள். அந்த வரியை நான் எடுக்கவில்லை. வீட்டுச் சுவரிலிருந்த ஷீட்டையும் கிழித்தேன். பசை மட்டும் இன்னும் அங்கே கருப்பாக இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஏன் அப்படிப் பேசினேன் என்று கேட்பாய். பயம்தான், வேறென்ன. வங்கி சாஃப்ட்வேர் என்றால் காலனியில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. விளையாட்டு செய்கிறான் என்றால் என்ன சொல்வேன்? அதை விளையாடி எந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளப் போகிறது? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றேன். "அத்தை" என்று ஒரு குரல். நாகவேணி. அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் இன்று அவள்தான் பாடம் நடத்துகிறாள், உனக்குத் தெரியுமோ என்னவோ. உன்னை விசாரித்தாள். இருந்த எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டினேன். புனே, விளையாட்டு, வேலையை விட்டது எல்லாம். எனக்காக வருத்தப்படுவாள் என்று பார்த்தால் அவள் சிரிக்கிறாள். பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு என்னோடு நின்று பேசினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய பையன்கள் அவளைக் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லையாம். போட்டிக்கு முன்னால் மொத்தமாக அரை மணி நேரம்தான் உட்கார்ந்திருக்கிறாளாம். பின்னே எப்படி மூன்றாவது இடம் வந்தாய் என்று கேட்டேன்.

"தெருவுல கத்துக்கிட்டதுதான் அத்தை. வேலில முட்டிக்கிட்டா எந்த வரியில தப்புன்னு தேடணும்னு உங்க பையன்தான சொல்லிக் குடுத்தான். இன்னிக்கும் புதுசா வர்ற பசங்களுக்கு மொதல் நாள் கம்ப்யூட்டரே காட்றதில்ல. கண்ணக் கட்டி நடக்க விடறேன்" என்றாள்.

அவள் பஸ் வந்து ஏறிப் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இன்று மதியம் டிரெய்னிங் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். சிவண்ணா சார் ரிட்டையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். புது மெஷின்களுக்குப் புது கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் பழையது ஒன்றுதான் மூலையில் உறை போட்டபடி இருக்கிறது. ஃப்ளாப்பியைப் போட்டதும் கரகரவென்று இருமிவிட்டு ஓடியது. கிடங்கை எடுத்தேன், ஷீட் இல்லாமல். ஐந்தாவது கட்டத்தில் நாலு முறை மூலையில் மாட்டிக்கொண்டேன். ஐந்தாவது முறை, ஏன் அந்தப் பெட்டியை முதலில் தள்ள வேண்டும் என்று எனக்கே புரிந்தது. அன்றைக்கு நீ கேட்டாயே, அதற்குப் பதில்: அதை முதலில் தள்ளாவிட்டால் மற்ற இரண்டுக்கும் வழி அடைந்துவிடுகிறது. பிறகு ஆமையை எடுத்து ஒரு வீடு வரைந்தேன். எனக்கும் கூரை தலைகீழாகத்தான் வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆகையால் இப்போது சொல்கிறேன், இது லைன் லீடர் சொல்வது, ஒழுங்காகக் கேட்டுக்கொள். கிடங்கு முன்னால் யோசிக்கச் சொல்லித் தரும், ஆனால் கல்நெஞ்சம் பிடித்தது. ஒரு அடி பின்னால் போக விடாது. நீ செய்தால் ஒரு அடி திரும்பிப் போக வழி வை. எங்கே கெட்டது என்று பிள்ளை அப்போதுதான் தேடும். சல்லடை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் தப்பு எந்தக் கதவில் என்று கண்ணுக்கு உடனே தெரியும். ஆனால் எனக்கு அது பிடித்தது நான் ரிலே கோர்த்தவள் என்பதால். ரிலேயைப் பார்க்காத பிள்ளைக்கு அவர்கள் வீட்டில் இருக்கிற எதையாவது காட்டு. ஆமையில் தப்பே கிடையாது, தலைகீழ் வீடு படகாகிவிடும். அதை நான் ஒரு குறையாக நினைத்தேன். அதுதான் அதன் அழகு. இங்கிலீஷ் எழுத்தைக் குறைத்துக்கொள். நம் தெருவில் மூன்று பாஷை, அம்புக்குறி எல்லோருக்கும் புரிந்தது. ஒரு திரைக்கு இரண்டு பிள்ளை உட்காரட்டும். ஒருத்தி முட்டிக்கொள்ளும்போது பக்கத்தில் சிரிக்க ஒரு ஆள் வேண்டும்.

மூன்றில் எது நல்லது என்று கேட்டாய். மூன்றும் சுமார்தான். நாலாவதாக ஒன்று இருந்தது, காலனித் தெருவில், குழாயடிக்கும் வேலிக்கும் நடுவில். அதைச் செய்தவன் எட்டாம் வகுப்பு. பாதி ஆட்டத்தில் அதை நிறுத்தினவள் நான். கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்த கட்டளைக்காக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். போய் அதை முடித்துவிட்டு வா. வியாழக்கிழமை ரயிலடிக்கு நானும் அப்பாவும் வருகிறோம். லீவு சொல்லியாகிவிட்டது. புளிச்சாதம் கட்டிக்கொண்டு வருகிறேன், ரயிலில் வாங்கித் தின்னாதே. காலனியில் யாராவது கேட்டால், என் மகன் பிள்ளைகளுக்கு விளையாட்டு செய்யப் போயிருக்கிறான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

செய்து முடித்ததும் முதல் டிஸ்க்கை எனக்கு அனுப்பு. மூலையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் ஓடாவிட்டால் நாகவேணியின் சென்டருக்குப் போய் வரிசையில் நிற்கிறேன். எங்கே முட்டிக்கொண்டேன் என்று எழுதுகிறேன். ஷீட் மட்டும் அதோடு வைத்து அனுப்பாதே.

உன் அம்மா